தொக்கி நிற்பது

பக்கவாதம் நெவிலின் வலக்கையை எடுத்துக்கொண்டது.
போகிற போக்கில்
அவர் வாயிலிருந்த கூட்டுச் சொற்களை நடுவே பிளந்து
பாதியை மட்டும் விட்டுவைத்தது.

கிரிம்ஸ்பியில் இருபத்தாறு வருடம் பஸ் ஓட்டிய மனிதர்.
ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மறுநாள் காலை
"ஃபாஸ்ட், ஃபாஸ்ட்" என்று மேசையைத் தட்டினார்.
வேகமாம். எதற்கு வேகம்?
கிளினிஸ் மாத்திரையோடு ஓடினாள்,
கழிப்பறைக் கதவைத் திறந்து வைத்தாள்,
ஆம்புலன்ஸைக் கூப்பிட போனைக் கையில் எடுத்துவிட்டாள்.
அவர் கேட்டது பிரேக்ஃபாஸ்ட்.
அந்தச் சொல்லுக்குள் ஒரு விரதம் உட்கார்ந்திருப்பதும்
அதை உடைத்துத்தான் தினமும் முட்டை தின்கிறோம் என்பதும்
அன்றுதான் அவளுக்கு உறைத்தது,
முட்டை கருகிய பிறகு.

செவ்வாய்க்கிழமைகளில் அட்டைகளோடு வருவாள் டனூட்டா.
போலந்துக்காரி. முப்பது வயதுக்கு மேல் இங்கிலீஷ் கற்றவள்,
அதனால் எல்லாச் சொல்லிலும் அவளுக்குத் தையல் தெரியும்.
ஓர் அட்டையில் ஸன். இன்னொன்றில் ஃப்ளவர்.
சேருங்கள் என்பாள்.
நெவில் இடக்கையால் நகர்த்துவார்:
ஸன், ஸ்பூன்.
டீ, ஃப்ளவர்.
ரெயின், ஹவுஸ்.
தப்பென்று சொல்ல வாயெடுத்தவள்
ஜன்னலைப் பார்த்தாள்.
வெளியே மூன்றாம் நாளாக மழை.
அதை அப்படியே விட்டுவிட்டாள்.

அட்டைகளை அடுக்கும்போது கிளினிஸ் கேட்டாள்:
ஃபயர்வுட் நெருப்பு தின்பதற்கு,
ஃபயர்மேன் நெருப்பைத் தின்பதற்கு,
ஃபயர்பிளேஸ் நெருப்பு குடியிருப்பதற்கு.
ஒட்டியது என்னவோ அதே நெருப்புதான்.
நடுவில் யாரோ எதையோ விழுங்கிவிட்டார்கள், இல்லையா?

தமிழில் அதற்கு ஒரு பேச்சு உண்டு: தொக்கி நிற்பது.
இருக்கும், கண்ணில் படாது.
கிளினிஸுக்கு அந்தப் பேர் தெரியாது.
விஷயம் தெரியும்.
நாற்பத்தொரு வருடம்
ஒரே ஆளோடு ஒரே அடுப்படியில் நின்றவள்.

அந்த அடுப்படியில் ஒரு கபர்ட்.
கப்பும் போர்டும் சேர்ந்த சொல்;
எழுதும்போது இருக்கிற "ப்" சொல்லும்போது இருப்பதில்லை.
போனதை யாரும் தேடவுமில்லை.
கப் ஒன்றுகூட இல்லை உள்ளே:
பல்பு, கேஸ் பில், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை,
சாவி எதற்கென்று மறந்துபோன சாவிகள்.

ஜூனில் கொல்லைப்புறத்திலிருந்து கத்தினார், "பட்டர்! பட்டர்!"
வெண்ணெய்க் கிண்ணத்தோடு ஓடினாள்.
அவர் விரல் காட்டிய செடியில்
எதுவும் இல்லை.
ஒரு தண்டு மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.
கிண்ணத்தை மடியில் வைத்துக்கொண்டு
இரண்டு பேரும் சிரித்தார்கள்,
அவர் பாதி வாயால்.

முழுசாக ஒரு சொல் வந்தது ஆகஸ்டில்.
கிளினிஸ் கார் ஓட்டினாள், மோசமாக.
பக்கத்து சீட்டிலிருந்து ஹாரன் மாதிரி:
"ரவுண்டபௌட்!"
செத்த வலக்கைகூட மடியில் ஒரு தரம்
புரண்டது என்கிறாள் அவள்.
டனூட்டா நம்பவில்லை.
நோட்டில் சொல்லை மட்டும் எழுதிக்கொண்டாள்,
தேதியோடு.

இரவில் விளக்கை அணைத்ததும்
"குட்" என்பார். அவ்வளவுதான்.
முதலில் சில வாரங்கள்
மீதியை அவளே சொல்லிவந்தாள், "நைட், நைட்",
சில்லறை பாக்கி கொடுப்பதுபோல.
இப்போது சொல்வதில்லை.
நல்லது என்கிறார் மனிதர்.
எது நல்லதென்று கேட்கவில்லை அவள்.
போர்வையை அவர் பக்கம்
கொஞ்சம் தள்ளிவிட்டாள்.
கடல் பக்கமிருந்து ஏதோ லாரி
ரிவர்ஸ் எடுக்கிற சத்தம்,
நின்று,
மறுபடி.